தகப்பன் பெயரோடு வாசித்தவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் மாவட்டத்து உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இரவுச் செய்தி வாசித்துவந்த அம்மையார் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார் என்ற சிறு செய்தியைத் தங்கள் நாளிதழின் ராமநாதபுரம் பக்கத்தில் படித்தேன். அதை வெளியிட்டமைக்கு நன்றி. தலைநகரத்துத் தொலைக்காட்சிகளில் முகம் காட்டுபவர்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். ஒரு மாவட்டத்துக்குள்ளேயே, அதுவும் கடற்கரையை ஒட்டிய சில ஊர்களுக்குள்ளேயே அறியப்பட்ட ஒருவருக்காகத் தாங்கள் இடம் ஒதுக்கியது பாராட்டத்தக்கது. அவருடைய பெயரைத் தங்கள் செய்தியே சொல்லிவிட்டது. தன் பெயர் அடிபடுவதை அவ்வளவாக விரும்பாதவர் என்பதால் இந்தக் கடிதத்தில் அதை நான் எழுதவில்லை.

ஆனால், அந்தச் செய்தி அவரைப் பாராட்டியிருக்கும் விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. இனிய குரலுக்குச் சொந்தக்காரர் என்றும், ஒருநாளும் விடுப்பு எடுக்காதவர் என்றும், நாளொரு புடவையில் வந்து இல்லத்தரசிகளைக் கவர்ந்தவர் என்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. அவர் குரல் இனிமையான குரல் அன்று. சற்றுக் கரகரப்பான, வாடைக்காற்றுக் காலத்தில் மேலும் கட்டிப்போகிற குரல். விடுப்பும் எடுத்திருக்கிறார். மகளின் பிரசவத்துக்காக அவர் சில வாரங்கள் வராதிருந்தபோது மாற்றாக வாசித்த இளைஞர், தேவிபட்டினத்துப் படகு ஒன்றைப் பெரியபட்டினத்துப் படகு என்று சொல்லிவிட்டதால், பெரியபட்டினத்தில் ஒரு தெரு முழுவதும் அன்று இரவு உறங்கவில்லை. புடவையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் நிறம் எப்போதும் சரியாகத் தெரிந்ததில்லை. அவரை முப்பது ஆண்டுகள் இந்தக் கரை ஏன் விட்டுக்கொடுக்காமல் பார்த்தது என்பதற்கான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. மீனவர் சங்கம் ஒன்றில் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். ஆகவேதான் இதை எழுதுகிறேன்; கடிதம் சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

இந்தக் கரைக்குச் செய்தி என்பது நெடுங்காலம் தூரத்திலிருந்தே வந்தது. எங்கள் தலைமுறைக்கு இலங்கை வானொலிதான் அடுத்த வீட்டு வானொலி, பி.எச். அப்துல் ஹமீது அவர்களின் தமிழைக் கேட்டு வளர்ந்தவர்கள் ராமேஸ்வரம் தீவில் அநேகர். டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி வாசித்த ஆகாசவாணிச் செய்தி, தேநீர்க் கடைகளின் கடிகாரமாகவே இருந்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975இல் தொடங்கப்பட்டாலும் அதன் படம் எங்களை உடனே எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் கொழும்பில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியபோது, உயரமான கழியில் ஆன்டெனா கட்டிய வீடுகளில் அதுதான் முதலில் தெளிவாகத் தெரிந்தது. பிறகு தூர்தர்ஷன் வந்தது, ஷோபனா ரவி வந்தார், அவர் உச்சரிப்பைப் பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்கு ஒரு தொலைக்காட்சிக் கோபுரமே எழுந்தது. இவை அனைத்திலும் நல்ல தமிழ் இருந்தது, நல்ல வாசிப்பு இருந்தது. ஆனால், புயலோ துப்பாக்கிச் சூடோ நடந்தாலொழிய எங்கள் ஊர்களின் பெயர் அவற்றில் வருவதற்கு வழியே இல்லை. தங்கச்சிமடத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிய, நாட்டின் மிக உயரமான கோபுரத்தின் அடியிலேயே குடியிருந்தும், நாங்கள் மறுநாள் காலை ஏலக்கூடத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. கேபிள் நடத்தியவர்கள் இரவில் ஒரு படம், பகலில் ஒரு படம் என்று ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவர்களில் ஒருவருக்கு அரைமணி நேரம் உள்ளூர்ச் செய்தி போடலாம் என்று தோன்றியிருக்கிறது. கட்டுப்பாட்டு அறைக்கு மேலே தகரக் கூரையிட்ட ஓர் அறை, பின்னால் நீலத் துணி, ஒரு வி.எச்.எஸ். கேமரா, சத்தம் ஒலிவாங்கியில் விழும் என்பதற்காக நிறுத்தப்பட்ட மின்விசிறி: இவ்வளவுதான் நிலையம். அப்போது தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த அவரை, பள்ளிக் காலத்தில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர் என்ற ஒரே காரணத்துக்காக அழைத்து உட்கார வைத்தார்கள். தொடக்கத்தில் கோயில் கொடியேற்றமும், கந்தூரி ஊர்வலமும், நகைக்கடைத் திறப்புவிழாவும்தான் செய்தி. அந்த முதல் சில ஆண்டுகளைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை.

பட்டியல்கள் வந்த பிறகுதான் அவர் வேறு ஆளானார்.

கடலுக்குப் போன படகு இலங்கைக் கடற்படையால் சிறைபிடிக்கப்பட்டால் கரையில் என்ன நடக்கும் என்பது தங்கள் வாசகர்களில் உள்நாட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பிடிபட்ட படகு திரும்பாது. அருகில் வலை வீசிக்கொண்டிருந்த மற்ற படகுகள் விடியலில் திரும்பி வந்து சொல்லும். அந்தச் சொல்லில் படகின் உரிமையாளர் பெயர் இருக்கும், எத்தனை பேர் என்பது தோராயமாக இருக்கும், ஆட்களின் பெயர் பாதி இருக்கும். கூலிக்குப் போகிறவர்கள் நாள்தோறும் படகு மாறுவார்கள். நேற்று ஒரு சம்மாட்டியிடம் (படகு உரிமையாளரிடம்) போனவன் இன்று வேறொருவரிடம் போயிருப்பான். ஆகவே, எந்தப் படகு என்று தெரிந்தாலும், அதில் யார் இருந்தார்கள் என்பது வீட்டில் இருக்கும் பெண்களுக்கு நிச்சயமாகத் தெரியாது. சங்கத்துக்காரர்களும் மீன்வளத்துறை அலுவலகமும் சேர்ந்து பிற்பகலுக்குள் ஒரு பட்டியல் தயாரிப்போம். பெரிய தொலைக்காட்சிகளில் அது 'தமிழக மீனவர்கள் 14 பேர் கைது' என்ற ஒரு வரியாக ஓடும். அந்தப் பதினான்கு பேரும் யார் என்பது இரவு அவர் வாசிக்கும்போதுதான் கரைக்குத் தெரியும்.

எங்கள் ஊர்களில் பெயர்கள் குறைவு. ஒரு தெருவில் மூன்று அந்தோணி இருப்பார்கள், நான்கு முனியசாமி இருப்பார்கள், இரண்டு சீனி முகமது இருப்பார்கள். எனவே ஒருவரின் பெயரை மட்டும் வாசித்தால் அது செய்தியாகாது. நான்கு வீடுகளில் ஒரே நேரத்தில் அழுகையாகும். இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதன்முறை ஒரு பட்டியலை நான் தொலைபேசியில் சொன்னபோதே, "அண்ணே, நாலாவது பேருக்குத் தகப்பன் பேரு இல்லையே, வயசாவது சொல்லுங்க" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப அதை இப்ப வாசிக்க வேணாம். ஒருத்தரோட விவரம் இன்னும் வரலைன்னு மட்டும் சொல்லிர்றேன்" என்றார். அன்றிலிருந்து எங்கள் சங்கத்துப் பட்டியல்களில் தகப்பன் பெயர், வயது, ஊர், தெரு என்ற வரிசை நிலைபெற்றது. அது அவர் ஏற்படுத்திய ஒழுங்கு என்பதை நான் இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். பிற்காலத்தில் சில அலுவலகப் படிவங்களும் ஏறக்குறைய அதே வரிசையில் வந்தன என்பது என் கவனத்துக்கு வந்திருக்கிறது, அதற்கு அவர்தான் காரணமா என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை.

வாசிக்கும் முறையிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் படகின் பதிவு எண். எங்கள் மாவட்ட விசைப்படகுகளின் எண் 'டிஎன் 10 எம்எம்' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும். அந்தக் கடைசி இலக்கங்களை அவர் ஒவ்வொன்றாக, இரண்டு முறை வாசிப்பார். பிறகு ஊர்வாரியாகப் பெயர்கள். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் இடையில், அதைக் கேட்பவர் ஒரு மூச்சு விடும் அளவுக்கு இடைவெளி. முகத்தில் துக்கம் காட்ட மாட்டார், குரலை இறக்க மாட்டார். இதைக் கல்நெஞ்சு என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் வாசிப்பவர் குரல் தழுதழுத்தால் கேட்பவருக்குப் பெயர் காதில் விழாது என்பதை அந்த வேளையில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள்தான் அறிவார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கைதுச் செய்தி எல்லா இடங்களிலும் வரும். அதன் பின்கதை எங்கும் வராது. மன்னார் நீதிமன்றத்திலோ ஊர்காவற்றுறை நீதிமன்றத்திலோ காவல் எந்தத் தேதிவரை நீட்டிக்கப்பட்டது, யார் வவுனியா சிறையில் இருக்கிறார்கள், யார் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள், எத்தனை பேர் விடுதலையாகி எந்த விமானத்தில் சென்னை வந்து அங்கிருந்து வேனில் கிளம்பியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் அவர் ஒவ்வொரு வழக்கிலும் கடைசி ஆள் வீடு சேரும்வரை விடாமல் வாசித்தார். 2018இல் இலங்கை அரசு அந்நியப் படகுகள் குறித்த சட்டத்தைத் திருத்தி அபராதத்தைப் பன்மடங்காக உயர்த்திய பிறகு, ஆட்கள் திரும்பினாலும் படகுகள் திரும்பாத நிலை ஏற்பட்டது. அப்போதிலிருந்து திரும்பாத படகுகளின் எண்களையும் தனியே வாசிக்கத் தொடங்கினார். அதில் பார்ப்பவரைக் கவர எதுவும் இல்லை. விளம்பரதாரர்கள் முகம் சுளித்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன். படகுக் கடன் வாங்கியிருந்த குடும்பங்களுக்கு மட்டும் அது தேவைப்பட்டது.

புயல் எச்சரிக்கையைப் பற்றி. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றப்பட்டது என்ற வாக்கியத்தைத் தமிழ்நாடு முழுவதும் கேட்டிருப்பார்கள். ஆனால் ஒன்று முதல் பதினொன்று வரையுள்ள அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்பது கேட்பவர்களில் பலருக்குத் தெரியாது, வாசிப்பவர்களில் சிலருக்கும் தெரியாது என்பது என் எண்ணம். ஒன்றும் இரண்டும் தொலைவில் கடலில் உள்ள நிலையைச் சொல்பவை. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே வரக்கூடிய மோசமான வானிலையைச் சொல்பவை. ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இவர் ஒருபோதும் எண்ணை மட்டும் வாசித்து நிறுத்தியதில்லை. எண், அதன் பொருள், மீன்வளத்துறை நாளை அனுமதி டோக்கன் கொடுக்கிறதா இல்லையா, வடகடலுக்கு என்ன நிலை, தென்கடலுக்கு என்ன நிலை என்று பிரித்துச் சொல்வார். பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் ஒரே நாளில் ஒரே மாதிரி இருப்பதில்லை. வடக்கே படகு இறக்க முடியாத நாளில் தெற்கே கடல் குளம்போல் கிடப்பதுண்டு. இரண்டையும் சேர்த்து 'ராமநாதபுரம் கடல் பகுதி' என்று ஒரே வரியில் முடிக்கும் செய்தியால் கடலுக்குப் போகிறவனுக்குப் பயனில்லை. 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்து, மன்னார் வளைகுடாவில் எங்கள் கரைக்கு அருகிலேயே நகராமல் நின்றபோது, கரையைக் கடந்துவிட்டதா என்று ஊரே அவரைத்தான் தொலைபேசியில் கேட்டது. "நகரவில்லை. நகர்ந்தால் சொல்கிறேன். அதுவரை படகுகளைக் கட்டிய இடத்திலேயே வைத்திருங்கள்" என்பதுதான் அன்று அவர் வாசித்த வானிலைச் செய்தியின் முழு வடிவம்.

சுனாமியின் போது நடந்ததையும் குறிப்பிட வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்துக்கு நேர்ந்தது எங்களுக்கு நேரவில்லை. இலங்கைத் தீவு மறைவாக நின்று காத்தது. ஆனால் அதன் நான்காம் நாள், டிசம்பர் 30 அன்று, மீண்டும் பேரலை வரலாம் என்று மத்திய உள்துறையிடமிருந்து வந்த எச்சரிக்கை தமிழகக் கடற்கரை முழுவதையும் ஓட வைத்தது. அது அடிப்படையற்றது என்று பின்னர் தெரிந்தது. அன்று பகலிலேயே அவரை வரவழைத்துச் செய்தி வாசிக்கச் சொன்னார்கள். அரசு எச்சரிக்கை விடுத்திருக்கிறது என்பதை ஒரு வாக்கியமாகவும், அலை எதுவும் வந்ததாக இதுவரை எந்த ஊரிலிருந்தும் தகவல் இல்லை என்பதை அடுத்த வாக்கியமாகவும், மேட்டுக்குப் போகிறவர்கள் முதியவர்களையும் குழந்தைகளையும் முதலில் அனுப்பும்படி மூன்றாவது வாக்கியமாகவும் வாசித்து, அந்த மூன்றையே திரும்பத் திரும்ப வாசித்தார். நான்காவது வாக்கியம் சேர்க்கும்படி அருகிலிருந்தவர்கள் வற்புறுத்தியதாகவும், தனக்குத் தெரிந்தது மூன்றுதான் என்று அவர் மறுத்ததாகவும் கேமரா பிடித்த தம்பி பிறகு சொன்னார்.

தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் கூட்டாமல் இருப்பது அமைதியான நாளில் எளிது. 2014 அக்டோபர் 30 அன்று எங்கள் பகுதி மீனவர்கள் ஐந்து பேருக்குக் கொழும்பு நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தபோது தங்கச்சிமடம் எப்படி இருந்தது என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கடினம் புரியும். பேருந்துகள் நின்றன, தண்டவாளம் பெயர்க்கப்பட்டது, ஊரில் காவல்துறை குவிக்கப்பட்டது. அன்று இரவு அவர் தீர்ப்பின் விவரத்தையும், மேல்முறையீட்டுக்கு வழி உண்டு என்பதையும், ஊரில் எந்தச் சாலை அடைபட்டிருக்கிறது என்பதையும் வாசித்தார். ஆவேசமாக ஒரு சொல்லும் இல்லை. அடுத்த நாள் தெருவில் வழிமறித்துக் கேட்டவர்கள் இருந்தார்கள்: நம் பிள்ளைகளுக்குத் தூக்கு என்கிறார்கள், நீ ஊருக்கு வழி சொல்கிறாயா என்று. மூன்று வாரத்தில் அந்த ஐவரும் பொதுமன்னிப்பில் விடுதலையாகித் திரும்பியபோது அதையும் அதே குரலில் வாசித்தார். 2017 மார்ச் 6 அன்று இருபத்தொரு வயதுப் பையன் ஒருவன் கடலில் சுடப்பட்டு இறந்தபோது, தாய்க்கு நேரில் தகவல் சொல்லப்பட்டுவிட்டது என்று பங்குத்தந்தையிடமிருந்து உறுதி வரும்வரை பெயரை வாசிக்கவில்லை. அதற்குள் கைப்பேசிகளில் பெயரும் படமும் சுற்றத் தொடங்கிவிட்டன. தாமதமாகச் சொன்னார் என்று அவர்மீது குறை சொன்னவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை.

அவரைப் பற்றிக் குறையே இல்லை என்று எழுதினால் அது அவருக்கே பிடிக்காது. அந்த நிலையம் விசைப்படகு உரிமையாளர்களின் விளம்பரத்திலும் நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரத்திலும் நடந்தது. இழுவைமடி வலையால் கடலடி வாரப்படுகிறது என்றும், தங்கள் வலைகள் அறுபடுகின்றன என்றும் நாட்டுப்படகு மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்த முறையீடு, அவர்கள் மறியல் செய்த நாள்களில் மட்டுமே அந்தச் செய்தியில் இடம்பெற்றது. இரட்டைமடி வலை தடைசெய்யப்பட்டது என்று வாசிப்பார். தடையை மீறி அதைப் பயன்படுத்துவது யார் என்று கேட்டுச் செய்தியாளரை அனுப்பியதில்லை. கடலுக்குள் நீந்திப் பாசி எடுக்கும் சின்னப்பாலம் பெண்கள், தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளின் பக்கம் போனதற்காக வனத்துறையிடம் பட்ட பாடும் அப்படித்தான் போயிற்று. இது நிலைய உரிமையாளரின் தீர்மானமா, அவருடைய தயக்கமா என்று எனக்குத் தெளிவில்லை; இரண்டும் இருந்திருக்கும். விசைப்படகுக்காரர்கள் பக்கம் நின்ற சங்கத்தில் சம்பளம் வாங்கிய நானே இதை எழுதுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். இருந்தாலும், அந்த இடைவெளியைப் பாம்பனில் 2016இல் தொடங்கப்பட்ட 'கடல் ஓசை' சமுதாய வானொலி ஓரளவு நிரப்பியது என்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.

வருமானத்தைப் பற்றிச் சுருக்கமாக. மாதச் சம்பளம் என்று அவருக்குக் கிடைத்ததைவிடத் தையல் வகுப்பில் அதிகம் கிடைத்தது என்பது ஊரறிந்த செய்தி. 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் செய்தித்தாள் நிறுவனங்களில் பணிபுரிவோரை மனத்தில் வைத்து இயற்றப்பட்டது. கேபிள் அறைக்கு மேல் உட்கார்ந்து செய்தி வாசிப்பவர் அதன் கண்ணில் படவே இல்லை. வருங்கால வைப்புநிதி இல்லை, அங்கீகார அட்டை இல்லை. இவற்றைக் கேட்டு வாங்கும் சுபாவமும் அவருக்கு இல்லை. ஊடகத்துறையினர் நலனுக்காகப் பேசும் அமைப்புகள் மாவட்ட அளவிலான கேபிள் நிலைய ஊழியர்களையும் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தங்கள் நாளிதழ் ஒருமுறை எழுதினால் உதவியாக இருக்கும்.

இனி, நான் இக்கடிதத்தை எழுதத் தூண்டிய இரண்டு செய்திகளுக்கு வருகிறேன்.

முதலாவது, ஒளிநாடாக்கள். தொடக்க ஆண்டுகளின் செய்திகள் வி.எச்.எஸ். நாடாக்களில் இருந்தன. நாடா விலை அதிகம் என்பதால் பெரும்பாலானவற்றின் மேல் மறுபடி மறுபடி பதிவுசெய்துவிட்டார்கள். தப்பியவை, பின்னால் வந்த சிறு டிஜிட்டல் நாடாக்களோடு சேர்த்து, அந்த நிலையத்தின் படிக்கட்டுக்குக் கீழே அட்டைப் பெட்டிகளில் கிடக்கின்றன. எங்கள் ஊர் உப்புக் காற்றில் இரும்புச் சன்னலே பத்து ஆண்டு தாங்காது, நாடா எம்மாத்திரம்? போன மாதம் பார்த்தபோது பல நாடாக்களில் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. எந்தத் தேதியில் எந்தப் படகு பிடிபட்டது, யார் எப்போது திரும்பினார், எந்தப் புயலில் எந்தக் குப்பத்தில் தண்ணீர் ஏறியது, மீன்பிடித் தடைக்காலம் 45 நாளாக இருந்து 61 நாளாக உயர்ந்தபோது கரையில் என்ன பேசினார்கள் என்பதற்கெல்லாம் அந்தப் பெட்டிகளைவிட நெருக்கமான சாட்சியம் வேறெங்கும் இருப்பதாக நான் அறியவில்லை. இழப்பீடு கோரும் வழக்குகளில் தேதிக்காகக் குடும்பங்கள் அலைவதை நான் பார்த்திருக்கிறேன். நூல்களையும் ஓலைச்சுவடிகளையும் மின்னாக்கம் செய்துவரும் தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற ஓர் அரசு நிறுவனம் இந்த நாடாக்களையும் கருதிப் பார்க்கலாம். அல்லது மாவட்ட நிர்வாகம் ஏதேனும் கல்லூரியிடம் ஒப்படைக்கலாம். இடிந்த தனுஷ்கோடியின் சுவர்களைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். அதை அழித்த 1964 புயலுக்குப் பிறகு இந்தக் கரையில் நடந்தவற்றின் பதிவு ஒரு படிக்கட்டுக்குக் கீழே மட்கிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, அவருக்குப் பின் யார் என்பது. உள்ளூர் வாசிப்பாளர் இனி தேவையில்லை என்றும், மதுரையில் ஓர் அறையிலிருந்து நான்கைந்து மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒருவரே வாசித்து, அதை இங்கே ஒளிபரப்பினால் செலவு குறையும் என்றும் பேச்சு நடப்பதாக அறிகிறேன். செட்டாப் பாக்ஸ் வந்து, அதன் பிறகு கைப்பேசி வந்து, கேபிள் இணைப்புகள் குறைந்துபோன நிலையில் நிலைய உரிமையாளரின் சிரமத்தை நான் மறுக்கவில்லை. கைப்பேசியில் எல்லாமே முன்னதாக வந்துவிடுகிறதே என்ற கேள்வியும் நியாயமானதே. வருகிறது, ஆனால் 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, பாம்பன் பாலம் உடைந்துவிட்டது, ரயில் கவிழ்ந்துவிட்டது என்று பழைய படங்களோடு வந்த செய்திகளும் கைப்பேசியில்தான் வந்தன. அன்று இரவு எத்தனை வீடுகளில் கேபிளை மறுபடி போட்டுப் பார்த்தார்கள் என்பது கேபிள்காரருக்கே தெரியும்.

மதுரையிலிருந்து வாசிப்பவர் திறமையானவராக இருக்கலாம். ரோச்மா நகர் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்வார். திருப்பாலைக்குடியைச் சரியாகவே உச்சரிப்பார். ஆனால் ஒரு பட்டியலைக் கையில் வாங்கியதும், இதில் ஒரு பெயருக்குத் தகப்பன் பெயர் இல்லை என்று அவருக்கு உறுத்துமா? நான் கேட்பது இவ்வளவுதான்: மற்றச் செய்திகளை எங்கிருந்து வேண்டுமானாலும் வாசிக்கட்டும், கடல் செய்திக்கென்று பத்து நிமிடமாவது இந்தக் கரையில் குடியிருக்கும் ஒருவர் வாசிக்கும்படி ஏற்பாடு இருக்க வேண்டும். மீனவக் குடும்பங்களில் ஊடகக் கல்வி முடித்த பெண்கள் இப்போது ராமேஸ்வரத்திலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஓய்வு பெறுகிறவர் அருகில் ஒரு தடைக்காலம் முடியும்வரையேனும் உட்கார வைத்துப் பழக்கினால் போதும். கேமராவுக்கு முன்னால் பழகுவதைவிட, டோக்கன் கொடுக்கும் இடத்திலும் ஏலக்கூடத்திலும் மீன்வளத்துறை அலுவலக வாசலிலும் பழகுவதுதான் முக்கியம்; யாரிடம் கேட்டால் எந்தத் தகவல் சரியாக வரும் என்பது அங்கேதான் தெரியும். அந்த அம்மையாரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். பழக்கிவிடத் தயார் என்கிறார். சம்பளம் கேட்கவில்லை.

நிலைய உரிமையாளரும் தங்கள் நாளிதழின் வாசகர் என்பதால் இதை இங்கே எழுதுகிறேன். எங்கள் சங்கத்திலிருந்து அவருக்கு அனுப்பப்பட்ட பட்டியல்களின் கையெழுத்துப் பிரதிகளை நான் பணியிலிருந்த காலம் முழுவதும் ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருக்கிறேன். நாடாக்களில் அழிந்துபோன தேதிகளை ஒப்பிட்டுச் சரிபார்க்க அவை பயன்படும். நாடாக்களை மின்னாக்கம் செய்ய எந்த நிறுவனம் முன்வந்தாலும், தங்கள் ராமநாதபுரம் அலுவலகம் வழியாகத் தெரிவித்தால், கட்டுகளை நானே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
மீனவர் சங்க முன்னாள் எழுத்தர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.